ஆசியக் கால்பந்துக்கு இரண்டு நோட்டு: பகையை ஒன்றிலும் தரத்தை ஒன்றிலும் எழுதும் முறை

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலை ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஆசியக் கால்பந்து பற்றிக் கிளம்பும் வாதம் பெரும்பாலும் ஒரே முட்டுச்சந்தில்தான் போய் முட்டும். "கொரியா ஜப்பானிடம் வரிசையாக மூன்று தோற்றாகிவிட்டது, இனி அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "பகை ஆட்டத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும், அதை வைத்து எடை போடாதே" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இருவரும் வெவ்வேறு கணக்கைப் பேசுகிறார்கள். இரண்டு அணிகளுக்கு நடுவே பழையதாக இருக்கும் பகை ஒரு கணக்கு. அந்த அணிகள் இன்று எங்கே நிற்கின்றன என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது. தனித்தனி நோட்டுப் போட்டு எழுதும் முறை இங்கே முழுதாக இருக்கிறது.

தேவையானவை கொஞ்சம்தான்: லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு இரண்டு, ஒரு பென்சில், ஒரு பேனா, போன் கால்குலேட்டர். பல போன்களில் கால்குலேட்டரைத் திறந்து போனைப் படுக்கவைத்தால் பத்தின் அடுக்கு போடும் பட்டன் வரும். அந்தப் பட்டன் இல்லாத போனுக்கும் கீழே ஒரு சுருக்க அட்டவணை இருக்கிறது.

தர நோட்டு

செஸ் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ரேட்டிங் என்ற சொல்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆர்பாட் எலோ என்ற பேராசிரியர் செஸ்ஸுக்காக வகுத்த அதே முறையைத்தான் கால்பந்துக்கும் பயன்படுத்துகிறோம். ஃபிஃபாவும் 2018 ஆகஸ்ட் முதல் தன் தரவரிசையை இந்த வழிக்கு மாற்றிவிட்டது. ஆனால் ஃபிஃபாவின் கணக்கில் சொந்த மைதானத்துக்கு மதிப்பு இல்லை, எத்தனை கோல் வித்தியாசம் என்பதற்கும் மதிப்பு இல்லை. ஆசியாவில் இந்த இரண்டையும் விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும். அதனால் எலோ முறையின் கால்பந்து வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் தொடக்கப் புள்ளிகளை எழுதுங்கள். உருண்டையான எண்கள் போதும். ஜப்பானுக்கு 1800. தென் கொரியா, ஈரான், ஆஸ்திரேலியாவுக்கு 1750. சவூதி, கத்தார், இராக், உஸ்பெகிஸ்தானுக்கு 1650. ஜோர்டான், அமீரகத்துக்கு 1600. ஓமன், பஹ்ரைன், சீனாவுக்கு 1500. இந்தியா, வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியாவுக்கு 1400. ஆப்கானிஸ்தான், ஹாங்காங்குக்கு 1300. இது நாமே வைக்கும் தொடக்க ஊகம்தான், எந்த அமைப்பின் பட்டியலும் அல்ல. பத்துப் பதினைந்து ஆட்டம் ஏறியதும் தொடக்கத் தவறு கரைந்துவிடும்.

எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது? 2024 ஜனவரி 12 அன்று கத்தாரில் தொடங்கிய ஆசியக் கோப்பை நல்ல இடம். 24 அணிகள், 51 ஆட்டங்கள். அதை அடுத்து 2026 உலகக் கோப்பைக்கான மூன்றாம் சுற்று: 18 அணிகள், 90 ஆட்டங்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் மொத்தமும் ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

கணக்கு இதுதான்:

புதிய புள்ளி = பழைய புள்ளி + எடை × கோல் பெருக்கு × (கிடைத்தது − எதிர்பார்த்தது)

கிடைத்தது என்பது வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. எதிர்பார்த்தது இரண்டு அணிகளின் புள்ளி வித்தியாசத்திலிருந்து வரும். பலமான அணிக்கு: வித்தியாசம் 0 என்றால் 0.50, 50 என்றால் 0.57, 100 என்றால் 0.64, 150 என்றால் 0.70, 200 என்றால் 0.76, 250 என்றால் 0.81, 300 என்றால் 0.85, 400 என்றால் 0.91, 500 என்றால் 0.95. பலவீனமான அணிக்கு 1-இல் மீதி. நடுவே வரும் எண்களுக்கு வித்தியாசத்தை 400-ஆல் வகுத்து, முன்னால் கழித்தல் குறி போட்டு, பத்தின் அடுக்காக்கி, 1 கூட்டி, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

எடை ஆட்டத்தின் மதிப்பைப் பொறுத்தது. உலகக் கோப்பைக்கு 60, ஆசியக் கோப்பைக்கு 50, குவாலிஃபையருக்கு 40, மற்ற தொடர்களுக்கு 30, ஃப்ரெண்ட்லிக்கு 20. கோல் பெருக்கு: ஒரு கோல் வித்தியாசம் அல்லது டிராவுக்கு 1, இரண்டு கோலுக்கு 1.5, மூன்றுக்கு 1.75, நான்குக்கு 1.875, அதன் பிறகு ஒவ்வொரு கோலுக்கும் 0.125 கூடும்.

சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு, எதிர்பார்ப்பைக் கண்டுபிடிக்கும்போது மட்டும், 100 கூட்டிக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. அந்த 100-ஐ அணியின் புள்ளியிலேயே சேர்த்து எழுதிவிடுவார்கள். நான்கு ஆட்டம் கழித்து அந்த அணி வானத்தில் நிற்கும்.

ஒரு முழுக் கணக்கு பார்ப்போம். 2024 மார்ச் 21, உலகக் கோப்பை குவாலிஃபையர், ஆப்கானிஸ்தான் – இந்தியா, 0-0. ஆட்டம் ஆப்கானிஸ்தானின் 'ஹோம்' என்று பெயர், ஆனால் நடந்தது சவூதியின் அபாவில். ஆகவே பொது மைதானம், 100 யாருக்கும் கிடையாது. இந்தியா 1400, ஆப்கானிஸ்தான் 1300, வித்தியாசம் 100, இந்தியாவின் எதிர்பார்ப்பு 0.64. கிடைத்தது 0.5. குறைவு 0.14. எடை 40. இந்தியா 6 புள்ளி இழந்து 1394, ஆப்கானிஸ்தான் 1306. ஐந்து நாள் கழித்து குவாஹாட்டியில் இந்தியா 1-2 என்று தோற்றது. இப்போது வித்தியாசம் 88, அதோடு சொந்த மண்ணுக்கு 100, ஆக 188. எதிர்பார்ப்பு 0.75. கிடைத்தது 0. இந்தியாவுக்கு 30 புள்ளி நட்டம். 1364-க்கு 1336. ஆறு நாளுக்குள் 100 புள்ளி இடைவெளி 28 ஆகிவிட்டது.

இதற்குப் பக்கத்தில் 2024 செப்டம்பர் 5 ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். சைதாமாவில் ஜப்பான் 7, சீனா 0. ஜப்பான் 1800, சீனா 1500, சொந்த மைதானம் சேர்த்து வித்தியாசம் 400, எதிர்பார்ப்பு 0.91. மீதி 0.09. ஏழு கோலுக்குப் பெருக்கு 2.25. நாற்பதால் பெருக்கினால் 8 புள்ளி. ஏழு கோல் அடித்த ஜப்பானுக்கு 8, ஒரே கோலில் வீட்டில் தோற்ற இந்தியாவுக்கு 30. தலைப்புச் செய்தி எங்கே, மாற்றம் எங்கே என்று இந்த இரண்டு வரிகள் சொல்லிவிடும். தர நோட்டுப் போடும் வேலைக்கு இதுவே போதுமான பலன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு சரிபார்ப்பு உண்டு. ஒரு அணி பெற்றதும் மற்றது இழந்ததும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் எல்லா அணிகளின் மொத்தத்தையும் எழுதுங்கள். அது மாறவே கூடாது. மாறினால் கூட்டல் கழித்தல் குறியில் தவறு, அல்லது ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை ஏற்றியிருக்கிறீர்கள். தேதி வரிசை பிசகினாலும் மொத்தம் சரியாகவே காட்டும், ஆனால் புள்ளிகள் தப்பாகிவிடும். அதனால் தேதியை முதலில் எழுதி, பிறகு ஸ்கோரை எழுதும் பழக்கம் நல்லது.

பெனால்டி ஷூட் அவுட்டை இந்த நோட்டில் டிராவாகவே எழுதுங்கள். எக்ஸ்ட்ரா டைமில் அடித்த கோல் கணக்கில் வரும், ஷூட் அவுட் வராது. 2015 ஆசியக் கோப்பை குவார்ட்டரில் ஈரானும் இராக்கும் 3-3, ஷூட் அவுட்டில் இராக் 7-6. தர நோட்டில் அது சம ஆட்டம். பகை நோட்டில் அதற்கு அரைப் பக்கம் வேண்டும்.

மைதானம் பற்றி இன்னும் கொஞ்சம்

ஆசியாவில் 'ஹோம்' என்ற சொல்லை நம்பி 100 போடக் கூடாது. பாலஸ்தீனத்தின் ஹோம் ஆட்டங்கள் அம்மானிலும் தோஹாவிலும் நடந்தன. வட கொரியா தன் ஹோம் ஆட்டத்தை லாவோஸின் வியன்டியானில் ஆடியிருக்கிறது. மைதானம் எந்த ஊர் என்று பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில ஊர்களுக்கு 100 போதாது. டெஹ்ரானின் ஆசாதி ஸ்டேடியம் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சியோல் தாழ்நிலம். அந்த ஏற்றத்தின் அளவு தெரிய அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து, ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கியதும் நிற்காமல் நானூறு மீட்டர் ஓடினால் போதும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய அதே 1,200 மீட்டர்தான். அதற்கு மேல் ஆசாதியின் கூட்டம் வேறு. தென் கொரியா அங்கே ஈரானை வென்றதே இல்லை. 2012-இலும் 2016-இலும் 0-1, 2021-இல் 1-1. டெஹ்ரானுக்கு மட்டும் 130 போடுவது எங்கள் பரிந்துரை. இது அளந்த எண் அல்ல, கைக்கணக்கு. போட்டால் முதல் பக்கத்தில் அதைக் குறித்துவையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

பகை நோட்டு

ஒரு ஜோடிக்கு எதிரெதிர் இரண்டு பக்கம். கட்டங்கள்: தேதி, ஊர், எந்தத் தொடர், ஸ்கோர், யார் அடுத்த சுற்றுக்குப் போனார்கள், முழு அணியா இல்லையா, ரெட் கார்டு எந்த நிமிடம், அன்றைக்கு எது பணயம். கடைசி இரண்டு கட்டங்களும் சேர்ந்துதான் இந்த நோட்டுக்கு மதிப்புக் கொடுக்கின்றன. ஸ்கோர் எங்கும் கிடைக்கும்.

ஜப்பான் – கொரியா பக்கத்தை இப்படி நிரப்பிப் பாருங்கள். 1954 மார்ச், உலகக் கோப்பை குவாலிஃபையர். ஜப்பானியர் கொரிய மண்ணில் கால்வைக்க கொரிய அரசு சம்மதிக்காததால் இரண்டு ஆட்டமும் டோக்கியோவில் நடந்தன. கொரியா 5-1 என வென்றது, அடுத்தது 2-2. 1993 அக்டோபர், தோஹா: ஜப்பான் 1-0. அதற்கு மூன்று நாள் கழித்து இராக்குக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வாங்கிய கோலால் ஜப்பான் 2-2 என்று நின்றது. ஜப்பானும் கொரியாவும் ஆறு ஆறு புள்ளி, கோல் வித்தியாசத்தில் கொரியா உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போனது. 1997: டோக்கியோவில் கொரியா 2-1, சியோலில் ஜப்பான் 2-0. அதற்குப் பிறகு இந்த இரண்டு அணிகளும் உலகக் கோப்பை குவாலிஃபையரில் மோதியதே இல்லை. இதை எழுதும்போது பேனா நிற்கும். ஆசியாவின் மிகப் பெரிய பகை என்று சொல்கிறோம், ஆனால் பெரிய பணயத்தோடு அது நடந்து எவ்வளவு காலமாகிவிட்டது!

இப்போது அந்த மூன்று தொடர் தோல்விகள். 2021 மார்ச், யோகோஹாமா, 3-0. அது ஃப்ரெண்ட்லி, கொரியாவின் நட்சத்திர வீரர் சன் ஹியுங் மின் ஆடவில்லை. 2022 ஜூலை, ஜப்பான் மண்ணில், 3-0. 2025 ஜூலை, கொரிய மண்ணில், 1-0. பின்னிரண்டும் கிழக்காசியத் தொடர். அது ஃபிஃபா ஒதுக்கும் நாட்களுக்கு வெளியே நடப்பதால் ஐரோப்பாவில் ஆடுகிறவர்களைக் கிளப்புகள் விடுவதில்லை, உள்ளூர் லீக் ஆட்கள்தான் ஆடுவார்கள். 'முழு அணியா' கட்டத்தில் மூன்று வரிக்கும் 'இல்லை' என்றே வரும். ஆகவே இந்த மூன்றை வைத்து கொரியா விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்தத் தொடருக்கு எடை 30 போடாமல் 20 போடுங்கள். தென்கிழக்காசியக் கோப்பையும் இதே வகை.

ஜப்பான் ஏறியிருக்கிறது என்பது வேறு வரிகளிலிருந்து தெரியும்: 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியை 2-1, ஸ்பெயினை 2-1. 2023 செப்டம்பரில் ஜெர்மனியை அதன் மண்ணிலேயே 4-1. 2025 அக்டோபரில் டோக்கியோவில் பிரேசிலை 3-2, பிரேசிலுக்கு எதிராக முதல் வெற்றி. பகை நோட்டில் தேடி இவற்றைப் பார்க்க முடியாது.

ஈரான் – கொரியா பக்கம் வேறு மாதிரி. 1996, 2000, 2004, 2007, 2011 என்று வரிசையாக ஐந்து ஆசியக் கோப்பைகளில் இவர்கள் குவார்ட்டரில் சந்தித்தார்கள். முதலில் ஈரான் 6-2, அலி தாயி மட்டும் நான்கு கோல். அடுத்து கொரியா 2-1. பிறகு ஈரான் 4-3. பிறகு 0-0, ஷூட் அவுட்டில் கொரியா. கடைசியில் கொரியா 1-0. மொத்த கோல்களை வரிசையாக எழுதுங்கள்: 8, 3, 7, 0, 1. ஒருவரை ஒருவர் நன்றாகப் படித்துவிட்ட இரண்டு அணிகள் போகப்போகக் கதவை இறுக்கிப் பூட்டிக்கொள்வது அந்த ஐந்து எண்களில் தெரிகிறது. பழைய பகைகளில் இது அடிக்கடி நடப்பது. அதனால் கோல் மழை பெய்த ஆட்டத்தை அடுத்த ஆட்டத்துக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

அதே பக்கத்தில் 2013 ஜூன் 18 வரியைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். உல்சானில் ஈரான் 1-0 என வென்று உலகக் கோப்பைக்குப் போனது. ஈரான் கோச் கார்லோஸ் கெய்ரோஸ் கொரிய பெஞ்சைப் பார்த்து முஷ்டி காட்டிய நாள். எல்லோரும் அந்த முஷ்டியை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே இரவு தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தான் கத்தாரை 5-1 என்று அடித்தும், 14 புள்ளியில் கொரியாவோடு சமமாகி, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் நேரடி இடத்தைத் தவறவிட்டது. கொரியாவுக்கு +6, உஸ்பெகிஸ்தானுக்கு +5. பிளே ஆஃபில் ஜோர்டானிடம் ஷூட் அவுட்டில் தோற்று முழுதாக வெளியேறியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜூன் 5 அன்று, உஸ்பெகிஸ்தான், ஜோர்டான் இரண்டும் ஒரே நாளில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. அன்றே கொரியாவும் பெற்றது. இரண்டு நோட்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால்தான் இந்த இழை கண்ணில் படும்.

குரூப் பட்டியலைக் கையால் போடுவது

சம புள்ளி வந்தால் யார் மேலே என்பது தொடருக்குத் தொடர் மாறும். பலர் தவறுவது இங்கேதான். 2026 உலகக் கோப்பை குவாலிஃபையரில் முதலில் மொத்த கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல், அதன் பிறகே நேருக்கு நேர். ஆசியக் கோப்பையில் முதலிலேயே நேருக்கு நேர் ஆட்டங்கள். ஒன்றின் விதியை மற்றதில் போட்டால் கடைசி நாளன்று தவறான அணிக்காகப் பட்டாசு வாங்கிவைப்பீர்கள்.

பயிற்சிக்கு நம் குரூப்பையே எடுங்கள்: 2026 குவாலிஃபையர் இரண்டாம் சுற்று. கத்தார் 16, குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5. இந்தியா ஆறு ஆட்டத்தில் அடித்தது 3 கோல், வாங்கியது 7. இப்போது குவாஹாட்டி ஆட்டத்தை மட்டும் மாற்றி இந்தியா வென்றதாக வைத்து, மீதியை அப்படியே விட்டுக் கூட்டிப் பாருங்கள். இந்தியா 8, குவைத் 7. இரண்டாம் இடம், வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் சுற்று. கடைசி ஆட்டத்தில் கத்தாரின் முதல் கோலின்போது பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது என்பது பெரிய அநியாயம்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நோட்டு குவாஹாட்டியைத்தான் காட்டுகிறது. நாம் கோபப்படுவதற்குத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் வேறு, நம்மைக் கவிழ்த்த ஆட்டம் வேறு.

ஏற்றம் நிஜமா என்று பார்ப்பது

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு வளைவில் சேலம் நகரம் இடது கையில் தெரியும், அடுத்த வளைவில் வலது கையில். காட்சியை வைத்து எவ்வளவு உயரம் வந்தோம் என்று சொல்ல முடியாது, வளைவு எண் பலகையைப் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டத்தின் அதிர்ச்சியும் அப்படித்தான். தர நோட்டில் ஒரு அணி இரண்டு ஆண்டுக்குள் 100 புள்ளி ஏறி, அடுத்த பத்து ஆட்டமும் அந்த உயரத்தை விட்டு 30 புள்ளிக்கு மேல் இறங்காமல் இருந்தால் பேனாவால் அம்புக்குறி போடுங்கள். அதுவரை பென்சில்.

ஜோர்டானை இந்தச் சோதனைக்குள் விடுங்கள். 2024 ஆசியக் கோப்பையில் கொரியாவோடு குரூப்பில் 2-2, செமியில் 2-0. அன்று கொரியா 1750, ஜோர்டான் 1600 என்று உதாரணத்துக்கு வையுங்கள். ஜோர்டானின் எதிர்பார்ப்பு 0.30, எடை 50, இரண்டு கோலுக்கு 1.5. ஒரே இரவில் 53 புள்ளி. இடைவெளி 150-இலிருந்து 44. ஆனால் அந்தத் தொடரிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இராக்குக்கு எதிரான ஆட்டத்தில் அய்மன் ஹுசைன் கோல் அடித்த கொண்டாட்டத்துக்காக ரெட் கார்டு வாங்கி வெளியேறிய பிறகு, கூடுதல் நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுத்தான் ஜோர்டான் 3-2 என வென்றது. அந்த வரியைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அப்படியிருந்தும் ஜோர்டான் தேறுகிறது. ஏனென்றால் அடுத்து வந்த குவாலிஃபையரில் கொரியாவுக்கு அடுத்த இடம், 2025 அரபுக் கோப்பையில் மீண்டும் இறுதி ஆட்டம். கோச் மாறியும் உயரம் இறங்கவில்லை.

கத்தார் கடினமான பாடம். 2019-இல் அமீரகத்தில் ஆசியக் கோப்பை, 19 கோல் அடித்து 1 மட்டும் வாங்கி. 2024-இல் மறுபடியும் கோப்பை, சொந்த மண்ணில். நடுவே 2022 உலகக் கோப்பை, அதுவும் சொந்த மண்ணில், மூன்றும் தோல்வி. 2026 குவாலிஃபையர் மூன்றாம் சுற்றில் குரூப்பில் நான்காவது. பிறகு நான்காம் சுற்றைத் தன் ஊரிலேயே நடத்தி அமீரகத்தை 2-1 என வென்று உள்ளே போனது. கோப்பைகளை மட்டும் எண்ணுகிறவருக்குக் கத்தார் ஆசியாவின் முதல் அணி. 100-ஐக் கழித்துப் பார்க்கிறவருக்கு வேறு படம் தெரியும்.

இந்தோனேசியாவுக்கு இரண்டு தனிக் கோடு போடுங்கள், ஹோம் ஒன்று, அவே ஒன்று. ஜகார்த்தாவில் சவூதியை 2-0, சீனாவை 1-0. வெளியே போனால் சிட்னியில் 1-5, ஜப்பானில் 0-6. நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த இந்தோனேசிய வம்சாவளி வீரர்களை வேகமாகச் சேர்த்த அணி இது. இப்படி ஏறும் அணியின் கோடு சாய்வாக ஏறாது, படிக்கட்டு மாதிரி ஒரே தாவலாகத் தாவும். அந்த வீரர்களுக்குப் பிறகு யார் என்பதைக் கோடு சொல்லாது. மலேசியாவில் 2025 செப்டம்பரில் ஏழு வீரர்களின் ஆவணங்கள் போலி என்று ஃபிஃபா தண்டனை விதித்ததும் நினைவில் இருக்கட்டும். இந்த வகை ஏற்றத்தைப் பென்சிலிலேயே வைத்திருங்கள்.

மெதுவாக ஏறுகிறவர்களை முன்கூட்டியே பிடிக்க நோட்டின் பின்னாலிருந்து ஒரு பக்கம் ஒதுக்கி இளையோர் முடிவுகளை எழுதுங்கள். கத்தார் 2014-இல் 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையை வென்றது, பெரியவர்கள் கோப்பை ஐந்து ஆண்டு கழித்து. உஸ்பெகிஸ்தான் 2018-இல் 23 வயதுக்குட்பட்டோர் பட்டம், ஏழு ஆண்டு கழித்து உலகக் கோப்பைத் தகுதி. அதே உஸ்பெகிஸ்தான் 2023-இல் 20 வயது, 2025-இல் 17 வயதுப் பட்டங்களையும் எடுத்திருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தில் நிறைய இடம் விடுங்கள்.

இறக்கத்துக்குக் குவைத் பக்கம். 1980-இல் ஆசியக் கோப்பை, 1982-இல் உலகக் கோப்பை. 2015 அக்டோபர் முதல் 2017 டிசம்பர் வரை ஃபிஃபா தடை, விளையாட்டுச் சட்டத்தில் அரசு தலையீடு என்ற காரணத்துக்காக. இரண்டு ஆண்டு ஆட்டமில்லாத அணியின் புள்ளி நோட்டில் அசையாமல் நிற்கும், மைதானத்தில் நிற்காது. நீண்ட இடைவெளி வந்த அணிக்குத் திரும்பி வந்த முதல் ஆறு ஆட்டத்துக்கு எடையை ஒன்றரை மடங்காக்குங்கள், புள்ளி சீக்கிரம் தன் இடத்துக்கு வந்துவிடும். எதிரணிக்கும் அதே மாற்றத்தைப் போட்டால்தான் மொத்தம் கெடாது.

இந்தியாவின் பக்கம்

இதைத் தயங்காமல் எழுதுங்கள். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1962 இறுதியில் தென் கொரியாவை 2-1. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், ஆனால் தொடரில் ஆடியதே நான்கு அணி, அதையும் எழுத வேண்டும். 2024 ஆசியக் கோப்பையில் மூன்று தோல்வி, ஒரு கோலும் இல்லை. 2027 ஆசியக் கோப்பைக்கான குவாலிஃபையரில் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0, ஹாங்காங்கில் 0-1, சிங்கப்பூரில் 1-1, மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2, டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. வாய்ப்பு முடிந்தது. டாக்கா ஆட்டம் பகை நோட்டில் பெரிய வரி, 22 ஆண்டுக்குப் பிறகு பங்களாதேஷ் இந்தியாவை வென்றது. தர நோட்டில் மட்காவ் தோல்விக்கும் கனம் அதிகம், ஏனென்றால் அது நம் மண். ஐந்து ஆட்டத்தில் இரண்டு கோல். பாகிஸ்தானை வென்றோம், பங்களாதேஷை வெல்ல வேண்டும் என்ற பேச்சில் இருக்கும்போது, நம்மோடு ஒரே வரியில் நின்ற சிங்கப்பூர் அந்தக் குரூப்பில் முதலிடம் பிடித்து உள்ளே போய்விட்டது. அடுத்த குவாலிஃபையருக்கு அளவுகோலாக பங்களாதேஷை வைக்காமல் தஜிகிஸ்தானை வையுங்கள். 2024-இல் முதல் ஆசியக் கோப்பையிலேயே குவார்ட்டர் வரை போன அணி அது.

நேரம்

ஜப்பான், கொரியா நேரத்திலிருந்து மூன்றரை மணி கழித்தால் நம் நேரம். அங்கே இரவு ஏழரை ஆட்டம் இங்கே மாலை நான்கு. ஜகார்த்தாவிலிருந்து ஒன்றரை மணி கழிக்க வேண்டும். தாஷ்கண்டுக்கு அரை மணி, அமீரகத்துக்கு ஒன்றரை, டெஹ்ரானுக்கு இரண்டு, தோஹா, ரியாத்துக்கு இரண்டரை மணி கூட்ட வேண்டும். ரியாத்தில் இரவு ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை, முடியும்போது ஒன்றரை தாண்டும். ஏற்காட்டிலிருந்து கீழே வந்து கூட்டமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நேரத்தில் பனிமூட்டத்தோடு மலைப்பாதையில் திரும்புவதைத் தவிர்த்து, சேலத்திலேயே தங்கிவிடுங்கள். மலையிலேயே பார்க்கிறவர்கள் மின்சாரம் போனால் ஆட்டத்தின் நடுவில் வந்த ஸ்கோரை நோட்டில் ஏற்றாதீர்கள். மறுநாள் முழு முடிவைப் பார்த்த பிறகே பேனா. தட்டுவடை செட் சாப்பிட்ட கையோடு நோட்டைத் தொடாமல் இருப்பதும் நல்லது, கேரட், பீட்ரூட் துருவல் கறை போகாது.

அடுத்த பெரிய பதிவு 2027 ஜனவரி 7 முதல் பிப்ரவரி 5 வரை சவூதியில் நடக்கும் ஆசியக் கோப்பை. எடை 50. சவூதி ஆட்டங்களுக்கு மட்டும் 100, மற்ற எல்லாம் பொது மைதானம். ஜனவரி 6 இரவு 24 அணிகளின் புள்ளியையும் ஒரு தனித் தாளில் எழுதி, தேதி போட்டு, கூடப் பார்ப்பவர்களிடம் கையெழுத்து வாங்கி, தர நோட்டின் உள் அட்டையில் ஒட்டிவிடுங்கள். முதல் அதிர்ச்சி வந்த பிறகு, இதை முன்பே எதிர்பார்த்தேன் என்று பழைய எண்ணைத் திருத்தக் கை நீளும்.